தொங்கு தோல் ஆபரேஷன்: ஓர் ஈரோட்டு டெய்லர் போட்ட மார்க்

எடை இறங்கித் தொங்கிப்போன தோலை ஆபரேஷன் செய்து எடுத்துக்கொண்டேன். அதற்கான மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். சர்ஜனுக்கு ஐந்துக்கு ஐந்து. வயிற்றில் செய்த ஆபரேஷனுக்கு நாலரை. கையில் செய்ததற்கு மூன்று. ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுண்டருக்கு ஒன்றரை. ஆபரேஷன் முடிந்ததும் மாட்டிவிட்டார்களே ஒரு இறுக்க உடை, கார்மெண்ட் என்பார்கள், அதற்கு ஒன்று போடுவதே அதிகம். ஆஸ்பத்திரி கோயம்புத்தூரில் இருக்கிறது, பெயர் வேண்டாம். குறையும் சொல்லப்போகிறேன், நிறையும் சொல்லப்போகிறேன். இரண்டையும் வைத்து நீங்கள் போகிற இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஈரோட்டில் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைக்கிறேன். என் உயரம் 158 சென்டிமீட்டர். எடை ஒரு காலத்தில் 124 கிலோ. 2021-ல் இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். எடை இறங்கி 71-ல் வந்து நின்றது. சர்க்கரை மாத்திரை நின்றது, முழங்கால் வலி போனது. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஏனுங்க, பாதி ஆளாயிட்டீங்க" என்றார்கள். பாதி ஆள்தான். ஆனால் முழு ஆளுக்கு வெட்டிய தோல் அப்படியே இருந்தது.

அடிவயிற்றுத் தோல் மடிந்து தொடைமேல் கிடக்கும். மிஷினில் உட்கார்ந்தால் மடியில் இன்னொரு மடி. பங்குனி பிறந்தால் அந்த மடிப்புக்குள் வியர்வை தேங்கி, சிவந்து, அரித்து, தோல் உரிந்து நாற்றமெடுக்கும். பூஞ்சை பவுடர், களிம்பு, நடுவில் மெல்லிய காட்டன் துணி என்று எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. களிம்பு போட்டால் ஆறும், நிறுத்தினால் திரும்ப வரும். பாவாடை நாடாவை மடிப்புக்கு மேலே கட்டினால் கீழே தோல் பிதுங்கும், கீழே கட்டினால் நாடாவே நிற்காது. "எக்சர்சைஸ் பண்ணு, ஏறிடும்" என்று சொல்லாத ஆளில்லை. உடற்பயிற்சிக்குத் தசை கட்டுப்படும், தோல் கட்டுப்படாது. வருஷக்கணக்காக இழுபட்டதில் தோலைத் திரும்பச் சுருக்குகிற எலாஸ்டின், கொலாஜன் நார்கள் சிதைந்துபோயிருக்கும். சின்ன வயசில் கொஞ்சமாக இளைத்தவர்களுக்கு ஓரளவு தானாகவே சுருங்கும். நாற்பது தாண்டி ஐம்பது கிலோ இறங்கியவளுக்கு நடக்காது.

ரேடியோ அலை வைத்து இறுக்கித் தருகிறோம், பத்து சிட்டிங் என்று ஒரு அழகு கிளினிக்கில் பேக்கேஜ் பேசினார்கள். லேசான தளர்ச்சிக்கு அந்த மாதிரி மிஷின் ஏதோ கொஞ்சம் செய்யலாம். என் வயிற்றைக் காட்டினேன். அதற்கும் அதே பேக்கேஜ்தான் என்றார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனும் இதற்குத் தீர்வில்லை. உள்ளே இருக்கிற பஞ்சை எடுத்தால் உறை இன்னும்தான் தொங்கும்.

அப்புறம்தான் சர்ஜனிடம் போனேன். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. (புதிதாகப் படித்தவர்களுக்கு டாக்டர்.என்.பி.) என்ற மேற்படிப்பு முடித்தவரா என்று பாருங்கள். பெயர்ப் பலகையில் 'காஸ்மெடிக்' என்று இருந்தால் மட்டும் போதாது. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம், முதல் சந்திப்பில் ஆபரேஷன் தேதியைப் பற்றி அவர் பேசவே இல்லை. கடைசி ஆறு மாதம் எடை எவ்வளவு ஏறி இறங்கியது என்று கேட்டார். நிற்க வைத்து, உட்கார வைத்து, படுக்க வைத்துத் தோலைப் பிடித்துப் பார்த்தார். படுத்தபடி தலையை மட்டும் தூக்கச் சொல்லி, குடலிறக்கம் இருக்கிறதா, வயிற்றுத் தசை நடுவில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று விரலை வைத்து அளந்தார். வீட்டில் யாருக்காவது காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, புகை உண்டா, தழும்பு தடிக்கிற உடம்பா என்று கேட்டார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4. ரத்தத்தில் இருக்கிற புரதமான ஆல்புமினும் கம்மி, பி12 வைட்டமினும் கம்மி. "இந்த ரத்தத்தோட தையல் போட்டா பிரிஞ்சுக்கும்மா. ஏத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் அவருக்குக் கொடுத்த முழு மார்க்கில் பாதி இதற்குத்தான். ஸ்லீவ் செய்தவர்களுக்குச் சாப்பாடு கொஞ்சம்தான் இறங்கும், இரும்பும் பி12-ம் குறைவது சகஜம். புரதம் இல்லாமல் காயம் ஆறாது. நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றிக்கொண்டேன். முட்டை வெள்ளை, பச்சைப்பயறு, புரதப் பவுடர் என்று நாளைக்கு எழுபது கிராமாவது உள்ளே தள்ளினேன். ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தாண்டியதும் மறுபடி போனேன்.

என்ன ஆபரேஷன் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. வயிற்றில் மட்டுமே நாலு வழி சொன்னார்.

முதலாவது பானிகுலெக்டமி. தொங்குகிற மடிப்பை மட்டும் குறுக்கே வெட்டி எடுத்துத் தைத்துவிடுவது. தசையைத் தொடுவதில்லை, மேல்வயிறு அப்படியே இருக்கும். புண்ணும் பாரமும் போகும், வடிவம் வராது. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் பணம் தருவது பெரும்பாலும் இதற்குத்தான், அதற்கும் ஆறாத புண்ணுக்கு மாதக்கணக்கில் ரெக்கார்டு கேட்பார்கள்.

இரண்டாவது அப்டாமினோபிளாஸ்டி, டம்மி டக் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அடிவயிற்றில் இடுப்பு எலும்புக்கு எலும்பு குறுக்கே வெட்டி, மேல்தோலைத் தூக்கி, விலகிய தசையை நடுவில் சேர்த்துத் தைத்து, தோலைக் கீழே இழுத்து மிச்சத்தை வெட்டுவது. தொப்புள் அதன் காம்போடு உள்ளேயே இருக்கும். இறங்கி வந்த தோலில் அதற்குப் புதுத் துளை போட்டு வெளியே எடுப்பார்கள். பட்டன் ஓட்டை மாதிரிதான், இடம் தப்பினால் எல்லாம் போச்சு.

இதைச் சொல்லிவிட்டு அவர் படம் வரைந்தபோது நான் கேட்டேன்: "சார், குறுக்கே வெட்டினா நெடுக்குல மிச்சம் இருக்கிறது போயிரும். பக்கவாட்டுல இருக்கிற மிச்சம் எங்கே போகும்?" அவர் சிரித்துவிட்டார். அதற்குத்தான் மூன்றாவது வழி, ஃப்ளூர்-டி-லி. குறுக்கு வெட்டோடு நெஞ்செலும்புக்குக் கீழிருந்து நேராக ஒரு நெடுக்கு வெட்டும் சேர்த்து, பக்கவாட்டுத் தோலையும் உள்ளே பிடிப்பது. தலைகீழான ஆங்கில 'T' எழுத்துப் போலத் தழும்பு வரும். நிறைய எடை இறங்கியவர்களுக்கு இடுப்புச் சுற்றளவில்தான் துணி அதிகம் மிச்சம் என்பதால் பெரும்பாலும் இந்த நெடுக்குத் தையல் தேவைப்படும்.

நாலாவது பெல்ட் லிபெக்டமி. முன்னும் பின்னும் சுற்றி வெட்டி, பின்புறத்தையும் தூக்கி நிறுத்துவது. ஆபரேஷன் டேபிளில் ஆளைத் திருப்பிப்போட வேண்டும், நேரம் கூடும், காயம் பிரிவதும் நீர் கோர்ப்பதும் கூடும். முதுகுப் பக்கம் மடிப்பு எனக்கு அவ்வளவாக இல்லை. காசும் இல்லை. மூன்றாவதையே எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு போங்கள். நாம் தோலைக் கொடுத்துத் தழும்பை வாங்குகிறோம். வேறு எந்த வியாபாரமும் அங்கே நடக்கவில்லை. இந்தப் பேரம் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதை ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகத்தான் யோசிக்க வேண்டும். வயிற்றுத் தழும்பு சேலைக்குள் போய்விடும். கைத் தழும்பு அக்குளிலிருந்து முழங்கை வரை. தொடைத் தழும்பு நடக்கும்போதெல்லாம் உரசுகிற இடத்தில்.

பணத்துக்கு வருகிறேன். ஸ்லீவ் ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கொடுத்தது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எண் 40-க்கு மேல் இருந்தால், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே கடுமையான நோயும் இருந்தால் எடைக் குறைப்பு ஆபரேஷனை ஏற்கலாம் என்று பாலிசிப் பத்திரத்தில் 'எக்ஸல்06' என்ற பிரிவு சொல்கிறது. எனக்கு அப்போது 49-க்கு மேல். தோல் ஆபரேஷன் என்று போனதும் 'எக்ஸல்08'-ஐக் காட்டினார்கள். காஸ்மெடிக், பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்கு அப்புறம் செய்யும் சீரமைப்புக்கும், உடனடி உடல்நல ஆபத்தை நீக்க அவசியம் என்று டாக்டர் சான்றளிப்பதற்கும்தான் பணம் உண்டு. என் புண்களைப் பற்றி சர்ஜன் கடிதம் கொடுத்தார், தோல் டாக்டரின் சீட்டுகளையும் இணைத்தேன். நிராகரித்துவிட்டார்கள். உங்களுக்குக் குடலிறக்கம் இருந்தால் அதைத் தனியாக எழுதித்தரச் சொல்லி, முன் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

ஆஸ்பத்திரி கொடுத்த எஸ்டிமேட் 2,60,000 ரூபாய். அதில் ஜி.எஸ்.டி. என்ற வார்த்தையே இல்லை. மருத்துவச் சேவைக்கு வரி கிடையாது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், காஸ்மெடிக் சர்ஜரிக்கு அப்படியில்லை, எனக்கு அப்போது 18 சதவீதம் போட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் சொன்னார்கள். வரி மட்டும் 46,800. கார்மெண்ட் தனி, கூடுதல் மருந்து தனி. மொத்தம் மூன்றேகால் லட்சம். என் தங்கச்சி வளையலைக் கழற்ற வேண்டியதாயிற்று. நூறு ரூபாய்க் கூலிக்கு லைனிங் தனி, ஹூக் தனி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தைக்கிறவள் நான். எஸ்டிமேட் வாங்கும்போது "வரியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள்.

ஆபரேஷன் அன்று காலையில் நிற்க வைத்துத்தான் மார்க்கிங் செய்தார். படுத்தால் தோல் பரவி அளவு பொய் சொல்லும். நான் வீட்டிலிருந்து ஒரு பாவாடையைக் கொண்டுபோயிருந்தேன். வழக்கமாகக் கட்டுகிற இடத்தில் கட்டிக் காட்டி, "சார், நாடா இங்கே வரும், தையல் இதுக்குக் கீழே இறங்கணும்" என்றேன். நர்ஸுகள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் கோட்டைக் கீழே தள்ளி வரைந்தார். இன்றைக்கு நாடா தழும்பில் படுவதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் நீச்சலுடையை வைத்துக் குறிப்பார்களாம், நமக்குப் பாவாடைதான்.

நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எடுத்த தோலும் கொழுப்பும் நாலு கிலோ இருந்தது என்றார்கள். சிசேரியன் தழும்பும் அதோடு போய்விட்டது. விழித்தபோது இரண்டு காலிலும் காற்றடித்து அமுக்கும் உறை மாட்டியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க ஊசியும் போட்டார்கள். இந்த ஆபரேஷனில் உயிருக்கு ஆபத்து என்றால் காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போவதுதான் என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால் மறுநாள் காலையிலேயே எழுப்பி நடக்க விட்டார்கள். நிமிர முடியாது. தையல் இழுக்கும் என்பதால் குனிந்துதான் நடக்க வேண்டும், படுக்கும்போதும் தலைக்கும் முழங்காலுக்கும் கீழே தலையணை வேண்டும். தோலை வெட்டிய வலியை விடத் தசையைச் சேர்த்துத் தைத்த வலிதான் அதிகம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இரவு நர்ஸ் டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரையைக் கொண்டுவந்தார். இரைப்பை ஆபரேஷன் செய்தவள், அந்த வகை மாத்திரையைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான்தான் நினைவுபடுத்தினேன். டாக்டருக்குப் போன் போட்டு பாராசிட்டமாலுக்கு மாற்றினார்கள். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது, யாரும் படிக்கவில்லை.

இரண்டு டிரெயின் டியூபோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே ஊறுகிற நீர் குப்பிக்கு வரும். தங்கச்சி காலையும் மாலையும் அதை அளந்து, அளவு நோட்டில் பிளவுஸ் அளவுகளுக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தாள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகுதான் எடுத்தார்கள். எடுத்த கொஞ்ச நாளில் வயிற்றின் ஒரு பக்கம் தளும்பியது. செரோமா, நீர் கோர்த்தல். ஊசி வைத்து உறிஞ்சினார்கள். அந்த இடம் ஏற்கெனவே மரத்திருந்ததால் வலிக்கவே இல்லை. இது வராதவர்கள் அதிர்ஷ்டசாலிகள், வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் காய்ச்சல், சிவப்பு, சீழ், கெண்டைக்காலில் வீக்கம், மூச்சு வாங்குதல் என்று எது வந்தாலும் அன்றைக்கே போய்விட வேண்டும்.

நெடுக்குத் தையலும் குறுக்குத் தையலும் சந்திக்கும் இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பிரிந்தது. எந்த டெய்லருக்கும் தெரியும், மூன்று தையல் சேருகிற முனைதான் முதலில் விடும். அங்கே ரத்த ஓட்டமும் குறைவு. சர்ஜன் இதை முதலிலேயே படம் போட்டுச் சொல்லியிருந்ததால் பதறவில்லை. டிரெஸ்ஸிங்கிலேயே ஆறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போட்டோ அனுப்பினாலும் அரை மணி நேரத்தில் அவரோ ஜூனியர் டாக்டரோ பதில் போட்டார்கள். ஐந்துக்கு ஐந்து கொடுத்ததில் பாதி இதற்கு. வெட்டுகிற நாள் ஒன்றுதான், அதற்கு அப்புறம் வருகிற வாரங்களில் யார் போனை எடுப்பார்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்தக் கார்மெண்ட். இதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். வீக்கம் குறையவும், தூக்கிய தோல் உள்ளே ஒட்டவும் ஆறு வாரம் ராத்திரி பகலாகப் போட வேண்டிய உடை. 5,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஆபரேஷனுக்கு முன்னால் இடுப்பை மட்டும் அளந்து கொடுத்தார்கள். இடுப்பைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் இடுப்பை அளந்தால் அது யாருடைய அளவு? தொடை, மார்புக்குக் கீழ், உயரம் எதுவும் எடுக்கவில்லை. ஜிப் சரியாக நடுத் தழும்பின் மேல் உட்கார்ந்தது. மேல் விளிம்பு உட்கார்ந்தவுடன் சுருண்டு, கயிறாகத் திரிந்து, தோலில் பள்ளம் போட்டது. துணி விறைப்பாக நிற்க 'எலும்பு' என்று வைத்திருந்த பிளாஸ்டிக் பட்டை விலாவில் குத்தியது. கழிவறைக்கு விட்டிருந்த திறப்பை வைத்தவர் பெண்ணே இல்லை என்று அடித்துச் சொல்வேன். துணியும் தடிமனான நைலான். வேர்த்து, மடிப்புப் புண்ணுக்காக ஆபரேஷன் செய்துகொண்டவளுக்குப் புதிதாக வேர்க்குரு வந்தது.

தங்கச்சியை மிஷினில் உட்கார வைத்து நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லப் பிரித்தோம். ஜிப்பை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் மூன்று வரிசை ஹூக் பட்டி வைத்தோம். வீக்கம் இறங்க இறங்க அடுத்த வரிசைக்குப் போகலாம். மேல் விளிம்பில் இரண்டு விரல் அகல மெத்தென்ற எலாஸ்டிக், தழும்பு படும் இடத்தில் பழைய வேட்டித் துணி. சர்ஜனிடம் காட்டினோம். விரலை உள்ளே விட்டு, அழுத்தம் சரிதான் என்றார். அதிகம் இறுக்கினால் தோல் விளிம்புக்கு ரத்தம் போகாமல் கறுத்துவிடும், அதனால் உங்கள் சர்ஜனைக் கேட்காமல் எதையும் பிடித்துச் சுருக்காதீர்கள். இன்னொன்று கட்டாயம் வேண்டும், ஒன்று துவைக்கப் போனால் மாற்றுவதற்கு.

வயிற்றுக்கு அரை மார்க் குறைத்தது மரத்துப்போன தோலுக்காக. தொப்புளுக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் உணர்ச்சி இல்லை. சாயங்காலம் ஆனால் லேசாக வீங்கும். தழும்பு முதலில் சிவந்து, அப்புறம் கறுத்து, சிலிக்கான் ஜெல் தடவத் தடவ இப்போது வெளிறி வருகிறது. முழுசாக அடங்க ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். மற்றபடி மடிப்பு இல்லை, புண் இல்லை, பவுடர் டப்பா இல்லை. பங்குனி, சித்திரை இரண்டும் தாண்டிவிட்டேன்.

கையை ஆறு மாதம் கழித்துச் செய்துகொண்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வதில்லை, மயக்க நேரமும் ரத்தச் சேதமும் கூடும். மேல்கைச் சுற்றளவு பதினாறு அங்குலத்திலிருந்து பன்னிரண்டரைக்கு வந்தது, பிளவுஸ் கை அழகாக உட்காருகிறது. ஆனால் உட்பக்கத் தழும்பு தடித்துவிட்டது, அரிக்கிறது, ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தடிக்கிற உடம்பு என்றால் கைக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கலாம். முழங்கை வரை கை வைத்த பிளவுஸ் தைத்தால் முடிகிற விஷயம் அது, முப்பத்தைந்து ரூபாய் துணி கூடுதலாகும், அவ்வளவுதான். தொடைக்குப் போகவில்லை. இடுக்கில் வரும் தையல் சீக்கிரம் பிரியும், தொற்றும், சிலருக்குக் கால் வீங்கும் என்றார். பாவாடைக்குள் போட முழங்கால் வரை ஒரு காட்டன் டவுசர் தைத்துக்கொண்டேன், உரசல் நின்றுவிட்டது.

எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால், குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், சிகரெட் விட முடியாவிட்டால், சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இப்போதைக்குப் போகாதீர்கள். மூன்று லட்சம் புரட்ட முடியாதவர்கள், ஆறாத புண்ணோ குடலிறக்கமோ இருந்தால், சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். என் மாமியார் மட்டும் இன்னும், "எதுக்கு அம்மிணி, துணிக்குள்ள இருக்கிறதை யார் பார்க்கப்போறாங்க" என்கிறார். நான்தானே அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

கார்மெண்ட் ஆல்டரேஷன் வேண்டுமென்றால் ஈரோட்டுப் பக்கம் வருகிறவர்கள் கொண்டுவாருங்கள், செய்து தருகிறேன். ஹூக், எலாஸ்டிக் தனி. துவைத்துவிட்டுக் கொண்டுவர வேண்டும். டாக்டர் சீட்டில் எவ்வளவு பிடிக்கலாம் என்று எழுதி வாங்கி வந்தால்தான் பிடிப்பேன்.